ஐந்தாம் அச்சம்

அச்சத்துக்கு நிலைக்களம் நான்கு என்பது தொல்காப்பியம். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அந்நான்கு. இவ்வெண்ணிக்கையிற் பிணக்குக்கு இடமில்லை என்பதுபடவே ஆசிரியர் சூத்திரஞ் செய்தார். ஆண்டுதோறும் மெய்ப்பாட்டியல் படிப்பித்து வருகின்ற நானும் பிணங்கியதில்லை. ஆயினும், அந்நான்கினுள் அடங்காத ஓர் அச்சத்தை இருமுறை என் கண்ணாற் கண்டிருக்கின்றேன். ஆங்கே பேயும் இல்லை, புலியும் இல்லை, கள்வனும் இல்லை. அஞ்சுகின்றவன் மாத்திரம் இருந்தான். உடம்பு வியர்த்தது, நா வறண்டது, நெஞ்சு பறையடித்தது. எதற்கு அஞ்சுகின்றாய் என்றால் அவனுக்கே தெரியவில்லை.

அவ்வச்சத்தைத் தந்தது ஓர் இலை.

அவ்விலைக்கு நம் வைத்திய வழக்கிலே பெயர்கள் பல. கஞ்சா, பங்கி, சிவமூலி, கோரக்கர் மூலி என்பர். ஆனந்தமூலி என்பதும் ஒரு பெயர். வடநூலார் விஜயா என்பர். ஆனந்தம் என்றும் வெற்றி என்றும் பெயர் படைத்த ஒன்று, உண்டவனை நடுங்க வைப்பது எங்ஙனம்? நடுங்குகின்றவனுக்கு அருகிருப்பவர் செய்யத்தக்கது யாது? இவ்விரண்டுமே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டவை.

இலையை உண்ணலாமா என்பது இங்கே வினாவன்று. உண்ணலாகாது. நம் நாட்டுச் சட்டம் அதனை விலக்கியிருக்கின்றது. வளரும் பருவத்து மூளைக்கு அது தீங்கு என்பது மருத்துவர் துணிபு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால், உண்டுவிட்ட பிள்ளை ஒருவன் நள்ளிரவில் வந்து நம் படலையைத் தட்டுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது 'உண்ணலாகாது' என்னும் விதி அவனுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

சாடிக்குள் ஒரு தலை

தோமஸ் பவ்றி என்பவர் ஓர் ஆங்கிலேய வணிகர், மாலுமி. 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடாவைச் சூழ்ந்த நாடுகளிற் கண்டவற்றை அவர் எழுதி வைத்தார். அவ்வெழுத்து 1905 இல் அச்சேறியது. அதிலே ஒரு கதை உண்டு. கதையன்று, உண்மை நிகழ்ச்சி.

அந்நாட்டார் பாங்கு குடித்து மகிழ்தலைப் பவ்றியும் அவர் தோழரும் கண்டனர். தாமும் குடித்துப் பார்க்க ஆசைப்பட்டனர். எண்மரோ பதின்மரோ இருந்தனர். ஆளுக்கு ஆறு பென்ஸ் கொடுத்துச் சந்தையில் வாங்கினர். குடிக்குமுன் ஒரு காரியஞ் செய்தனர்: வீட்டின் கதவு சாளரமெல்லாம் அடைப்பித்தனர். தம்முள் ஒருவரும் தெருவுக்கு ஓடிவிடலாகாது; தம் கோலத்தைப் பிறர் வந்து காணவுங் கூடாது. அதற்காகவே அந்த ஏற்பாடு.

சிறிது நேரஞ் சென்றது. ஒருவர் நிலத்தில் இருந்து மாலை வரையும் தேம்பித் தேம்பி அழுதார். ஒருவர் பேரச்சங் கொண்டு பெரியதொரு சாடிக்குள்ளே தலையை நுழைத்தார். நான்கு மணி நேரத்துக்கு மேலும் அப்படியே கிடந்தார். ஒருவர் தாழ்வாரத்து மரத்தூணோடு போர் தொடுத்தார். விரல் மொழிகளில் தோல் எஞ்சவில்லை. நால்வர் ஐவர் கம்பளத்திலே சாய்ந்து ஒருவரை ஒருவர் புகழ்ந்தனர். ஒவ்வொருவரும் தம்மைச் சக்கரவர்த்தி என்றே எண்ணினர். பவ்றியும் வேறொருவரும் மூன்று மணி நேரம் வியர்த்துக்கொண்டு இருந்தனர். அவ்வளவுதான்.

அழுகை, அச்சம், வெகுளி, பெருமிதம்! மெய்ப்பாடு எட்டினுள் நான்கு, ஓர் அறைக்குள்ளே, ஒரே பானத்தால், ஒரே பொழுதில். இலை ஒன்றாயினும் உண்டார் மனம் ஒன்றன்று. இன்ன மனத்துக்கு இன்ன மெய்ப்பாடு என்று முன்னறிந்து கூற வல்லார் இல்லை. நேற்றுச் சிரித்தவன் இன்று சாடியைத் தேடுவதும் உண்டு.

அக்காலத்திலேயே நம் நாட்டில் இன்னொருவர் இவ்விலையை உண்டார். அவர் றொபேட் நொக்ஸ். 1660 இல் கொட்டியாரக் குடாப் பக்கத்திற் பிடிபட்டுக் கண்டி மன்னனின் சிறையாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர். தப்பும் வழி தேடி வடபகுதிக் காடுகளில் அவரும் தோழர் ஸ்தீபன் ரட்லண்டும் அலைந்தபோது, கெட்ட நீர் குடித்து நோயுற்றனர். அதற்கு மாற்றாக அந்நாட்டார் காட்டியது இவ்விலையின் பொடி. சர்க்கரைக்கட்டியோடு சேர்த்துக் காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்டதாகவும், அது தலையைக் கிறுகிறுக்கச் செய்ததாகவும் 1681 இல் வெளிவந்த தம் நூலில் நொக்ஸ் எழுதினார். பின்னர், 1689 டிசெம்பரிலே, விஞ்ஞானி றொபேட் ஹூக், நொக்ஸிடம் பெற்ற செய்தியைக் கொண்டு இலண்டன் றோயல் சங்கத்தில் இவ்விலையைப் பற்றி உரை நிகழ்த்தினார். உண்டவன் சிறிதுபோது அறிவிழப்பான். பின் ஆழ்ந்து உறங்குவான். விழிக்கும்போது தெளிவும் பெரும்பசியும் உடையவனாய் எழுவான் என்பது அவ்வுரையின் ஒரு பகுதி. இந்தப் பசியை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக. பின்னர் வேண்டியிருக்கும்.

ஆனந்தம் அச்சமாதல்

இனி, இக்காலத்தார் கண்டது. இலையின் மயக்குஞ் சத்தைப் பிரித்து அதன் அமைப்பை 1964 இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேல் நாட்டு அறிஞராகிய கயோனி, மெக்கூலம் என்னும் இருவர். அச்சத்தைச் சுருக்கமாக ரீ.எச்.சி. என்பர். அது சென்று பொருந்துவதற்கு மூளையிலே இடங்கள் உண்டு. பூட்டு இருக்குமாயின் உடம்பிலேயே அதற்குரிய திறப்பும் இருத்தல் வேண்டுமன்றோ? தேடினர். 1992 இல் மெக்கூலமின் குழுவினர் அதனையும் கண்டனர். பெயரிட வேண்டியபோது வடமொழியை நாடினர். ஆனந்தம் என்னும் சொல்லெடுத்து 'ஆனந்தமைட்' என்று பெயரிட்டனர். நம் வைத்தியர் வழங்கிய ஆனந்தமூலி என்னும் பெயரும் ஆய்வுகூடத்தார் இட்ட பெயரும் ஒரே சொல்லிற் பிறந்தமை காண்க.

நினைவு, காலவுணர்வு, அச்சம் ஆகியவற்றை ஆளும் மூளைப் பகுதிகளிலே அவ்விடங்கள் மலிந்துள்ளன. உடம்பு தானே ஆக்கும் ஆனந்தமைட் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு தோன்றி விரைவில் மறையும். வெளியிலிருந்து புகும் சத்தோ எங்கும் பரவும், விரைவில் அகலாது. சிறிய அளவு அச்சத்தைத் தணித்தலும், பெரிய அளவு அச்சத்தை எழுப்புதலும் அதன் இயல்பு. நெஞ்சத் துடிப்பு மிகும். எழுந்து நின்றால் இரத்த அழுத்தந் தாழ்ந்து தலை சுற்றும். ஐந்து நிமிடம் ஒரு மணி நேரம் போலத் தோன்றும். துடிப்பை உணர்ந்தவன் 'மாரடைப்பு' என்று அஞ்சுவான். அஞ்சவே துடிப்பு இன்னும் மிகும். காலம் நகராமையால், 'இது இனி மாறாது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது' என்றும் துணிவான். இலை மூட்டியது ஒரு பொறி. அதை ஊதி ஊதிப் பெருக்குவது அவன் மனம்.

புகைத்தவனுக்கு இவையெல்லாம் சில நிமிடங்களில் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஓயும். உண்டவன் செய்தி வேறு. வயிற்றிலிருந்து ஈரலுக்குச் சென்று, ஆங்கே இன்னும் வலிய பொருளாக மாறி, அதன்பின்னரே மூளையை அடையும். தொடங்குதற்கே அரைமணி முதல் இரண்டு மணி வரை செல்லும். ஆறு எட்டு மணி நேரம் நிற்பது வழக்கம். அதனினும் நீள்வதும் உண்டு. ஓர் உருண்டை உண்டவன், 'ஒன்றும் செய்யவில்லையே' என்று இன்னும் ஒன்று உண்பது இவ்விடைக்காலத்திலேதான். மதன மோதகம் என்ற பெயரில் மறைவாக விற்கப்படும் உருண்டைகளால் நம் பாடசாலைப் பிள்ளைகள் சிலருக்கு நேர்ந்த கேட்டைப் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். அக்கேட்டிற் பெரும்பங்கு இரண்டாவது உருண்டையினுடையது.

நான் செய்த பிழை

2012 ஆம் ஆண்டு. அக்காலத்தில் மாணவர் விடுதியொன்றின் மேற்பார்வை என்னிடத்தில் இருந்தது. ஒருநாள் இரவு, படிப்பு மணி முடிந்த பின்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தனர். முகம் வெளிறியிருந்தது, கண் சிவந்திருந்தது. உண்டது இன்னதென்று கூட வந்தவன் சொன்னான்.

நான் என் செய்தேன்? அவனை நிற்க வைத்தேன். அரை மணி நேரம் பேசினேன். அவன் தந்தையின் வியர்வையைச் சொன்னேன். தாயின் கண்ணீரைச் சொன்னேன். குலத்தின் மானத்தைச் சொன்னேன். திருக்குறளிற் கள்ளுண்ணாமை அதிகாரம் முழுவதையும் எடுத்து விரித்தேன். நன்றாகவே பேசினேன் என்று அப்பொழுது எண்ணினேன்.

அவன் ஓடினான். இருளிலே எங்கெங்கோ தேடினோம். கிணற்றடியிலே கிடந்தான். கட்டிலே கால் தடக்கி வெளிப்புறமாக விழுந்திருந்தான், முன்கை முறிந்துவிட்டது. உட்புறமாக விழுந்திருந்தால் இக்கட்டுரையை எழுதும் நெஞ்சுரம் எனக்கு இராது.

மூன்றாம் நாள் வைத்தியசாலையிற் போய்ப் பார்த்தேன். 'ஏன் தம்பி ஓடினாய்? சாகப் பயந்தா?' என்று கேட்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு மறுமொழி சொன்னான்:

"சாகப் போறன் எண்டுதான் நினைச்சனான் ஐயா. ஆனா அதுக்காக ஓடேல்லை. உங்களுக்கு முன்னாலை நிக்கேலாமல் ஓடினனான்."

தொல்காப்பியர் சொன்ன நான்காவது அச்சம் 'தம் இறை' அன்றோ? இறை என்பது அரசனுக்கு மாத்திரம் உரிய பெயரென்று நான் கொள்ளவில்லை. தந்தையும் இறை, ஆசிரியனும் இறை. அன்றிரவு அப்பிள்ளையிடத்தில் இரண்டு அச்சம் இருந்தன. இலை தந்த ஐந்தாம் அச்சம் ஒன்று. நான் தந்த நான்காம் அச்சம் ஒன்று. ஐந்தாவது அவனை நடுங்க வைத்தது. கிணற்றடிக்கு ஓட்டியது நான்காவது.

வெட்கத்துக்குரிய இன்னொன்றும் உண்டு. நான் விரித்த அதே கள்ளுண்ணாமை அதிகாரத்திலே, மயங்கியவனுக்குக் காரணங் காட்டித் தெருட்டப் புகுதல், நீருள் மூழ்கியவனை விளக்குக் கொண்டு தேடுதல் போலும் என்னும் பொருளுடைய குறளும் இருக்கின்றது. எத்தனையோ வகுப்புகளுக்கு அதனைப் பொருள் விளங்கப் படிப்பித்தவன் நான். அன்றிரவு அக்குறளையும் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஓர் இரவின் தாள்

ஏழு ஆண்டுகள் சென்றன. 2019 இல், எங்கள் ஊர்க் கோயிலிற் சப்பறத் திருவிழா நடந்த இரவு, ஒன்பதரை மணியளவிலே படலை தட்டப்பட்டது. அயல்வீட்டுப் பிள்ளை, பத்தொன்பது வயது. தோழன் ஒருவன் கைப்பிடித்து நின்றான். இரண்டு உருண்டைகள் உண்டானாம்.

"மாஸ்ரர், என்ரை நெஞ்சு வெடிக்கப் போகுது. அம்மாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

இரண்டு வாக்கியம். முன்னது ஐந்தாம் அச்சம், பின்னது நான்காவது. பழைய பிழை எனக்கு முன்னே வந்து நின்றது. பின்னதையே முதலிற் கவனித்தேன். "இப்ப ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. முதலிலை இரு மேனை" என்றேன். விறாந்தையிற் பாய் விரித்து இருத்தினோம். தெரிந்த வைத்தியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். என்ன உண்டான், எப்பொழுது உண்டான், நெஞ்சுநோ உண்டா, மூச்சு முட்டுகின்றதா, வேறு நோய் முன்பு உண்டா, மதுவோ மாத்திரையோ சேர்ந்ததா என்று அவர் வரிசையாகக் கேட்டார். நாடியை எண்ணச் சொன்னார். எண்ணினேன், நிமிடத்துக்கு நூற்றுப் பதினாறு. 'பக்கத்தில் இருங்கள், தனியே விடவேண்டாம், மோசமானால் உடனே கொண்டு வாருங்கள்' என்றார். இருந்தேன்.

அவன் ஓயாது கேட்ட கேள்வி, 'எவ்வளவு நேரமாச்சு?' என்பது. இரண்டு மணி நேரம் சென்றதென்று அவன் எண்ணினான்; சென்றது பத்து நிமிடம். ஒரு தாளும் பேனையும் எடுத்தேன். '9.50. பிள்ளை இருக்கிறான். நானும் இருக்கிறேன்' என்று எழுதி அவன் கையிற் கொடுத்தேன். கால்மணிக்கு ஒருமுறை அதன் கீழே ஒரு வரி. '10.05. தண்ணீர் குடித்தான்.' '10.20. அழுதான்.' '10.35. சப்பறத்தின் மேளம் கேட்கிறது என்றான்.' அச்சம் ஏறும்போதெல்லாம் அவன் அத்தாளைப் பார்த்தான். நகராதிருந்த காலம் அத்தாளிலே வரிவரியாய் நகர்ந்துகொண்டிருந்தது. பதினொன்றரைக்கு அச்சம் முற்றியது. என் கையை விடவில்லை. ஒரு மணிக்கு மேல் இடைவெளிகள் நீண்டன. '2.15. உறங்கினான்.' ஒருக்களித்துக் கிடத்தினோம். அதன் பின்னும் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஏழரைக்கு எழுந்தான். என் மனைவி அவித்த பிட்டையும் சம்பலையும் மூன்று முறை கேட்டு வாங்கி உண்டான். ஹூக் சொன்ன பெரும்பசி!

நான்காம் நாள், கோயில் வீதியில் அவனைக் கண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஐந்து நிமிடம் போதியதாயிற்று. அறத்தைச் சொல்லாது விடுதல் பிழை. காலமறியாது சொல்லுதலும் பிழை. காலமறிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தது அரசருக்கு மாத்திரமன்று போலும். தாய்க்கு அவனே சொன்னான். நான் கூடப் போயிருந்தேன்.

செய்யத்தக்கதும் தகாததும்

அனுபவத்தையும் வைத்தியர் சொன்னவற்றையும் சேர்த்துச் சுருக்கித் தருகின்றேன்.

முதலாவது, தனியே விடலாகாது. கிணறு, மாடி, தெரு, வாகனம் ஆகியவற்றை அவனுக்குத் தூரமாக்க வேண்டும். பவ்றி கதவடைப்பித்ததன் கருத்தும் அதுவே. கூட்டத்தை விலக்குக, வெளிச்சத்தையும் ஒலியையும் குறைக்குக. ஒருவர் இருந்தாற் போதும். அவர் பதறாதவராய் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, சொல். 'இது நீ உண்டதனால் வந்தது; நேரஞ் செல்லக் குறையும்; நான் இங்கே இருக்கிறேன்' என்னும் மூன்றும் போதும். ஆயிரம் முறை கேட்டாலும் ஆயிரம் முறை அதனையே சொல்லுக. வாதாடாதீர், நகைக்காதீர். பெருமூச்சாக வாங்கச் சொல்லாமல், மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடச் சொல்லுக. கூடவே நீரும் அவ்வாறு மூச்சு விடுக.

மூன்றாவது, வாய் வறளும். தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்கலாம். திடீரென எழுப்பாதீர், மயங்கி விழுவான். வாந்தி வருமாயின் ஒருக்களித்துக் கிடத்துக. அரைமயக்கத்தில் இருப்பவன் வாயில் எதனையும் புகட்டாதீர். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுப்பித்தல், தலையிற் குடங்குடமாக நீர் ஊற்றுதல், கன்னத்தில் அறைந்து தெளிவித்தல் என்பன வேண்டாதவை. 'தெளியட்டும்' என்று சாராயம் கொடுத்தல் பெருங்கேடு. மது அச்சத்தின் வேகத்தை மிகுவிக்கும். வீட்டிலுள்ள நித்திரைக் குளிசையும் கொடுக்கலாகாது.

தேசிக்காய் கொடுக்கலாமா என்று பலரும் கேட்பர். 2024 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்றிலே, எலுமிச்சையினத் தோலில் உள்ள லிமொனீன் என்னும் மணப்பொருளைக் கஞ்சாச் சத்தோடு ஆவியாகச் சேர்த்துக் கொடுத்தபோது அச்சம் குறைந்தது. ஆயினும் ஆவி வேறு. நம் தேசிக்காய்த் தண்ணீர் வேறு. அதனை மருந்தென்று நம்பிவிடலாகாது. தெளிவாகப் பருகக்கூடியவனுக்குக் கொடுத்தால் நா நனையும். அன்போடு ஒருவர் கொடுத்தார் என்னும் ஆறுதலும் உண்டாகும். அவ்வளவில் நன்று.

நான்காவது, காத்திருக்கலாகாத நேரங்கள். நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், வலிப்பு, எழுப்ப எழாத மயக்கம், நில்லாத வாந்தி, தன்னையோ பிறரையோ ஊறுபடுத்த முயலுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுக. இருதய நோயுள்ளவராயினும், வேறு போதையோ இன்னதென்றறியாத பொருளோ சேர்ந்ததாயினும் அப்படியே. சிறு குழந்தை அறியாது உண்டதாயின் எந்தக் குறியையும் எதிர்பாராமல் உடனே செல்லுக. மறுநாளும் இல்லாத குரல் கேட்கின்றது, பிறர் தனக்குச் சதி செய்கின்றனர் என்று சொல்வானாயின் மனநல வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். 1926 என்னும் இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். சிலருக்கு இவ்விலை நெடுநாள் மனநோய்க்கு வாயிலாகிவிடும்.

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுக. 'ஏதோ கூடாத சாப்பாடு' என்று மறைப்பவர் பலர். 'பொலிஸ் வரும், ஊர் சிரிக்கும்' என்னும் பயத்தினாலே மறைக்கின்றனர். மறைக்கும் ஒவ்வொரு நாழிகையும் பிள்ளையின் உயிரிலிருந்து கழிகின்றது.

தொல்காப்பியத்துக்கு ஐந்தாவதொன்றைச் சேர்க்கும் துணிவு எனக்கு இல்லை. உரையாசிரியர் சினப்பர். வேண்டுமாயின் இலை தந்த அச்சத்தை அணங்கு என்பதனுள் அடக்கிவிடலாம். கண்ணுக்குத் தோன்றாது வருத்துவது என்னும் ஒப்புமை உண்டு. அதனைத் தீர்ப்பது நேரம். அதற்கு நாம் செய்யக்கூடியது அருகிலே இருத்தல் ஒன்றே. ஆனால், 'தம் இறை' என்னும் நான்காவது அச்சத்துக்கு மருந்து வேறெங்கும் இல்லை. அந்த இறை நாமே. பிழை செய்த பிள்ளை, பிழை செய்த இரவிலேயே, நம் படலையைத் தேடி வரும்படி நாம் இருக்கின்றோமா என்பதே கேள்வி.

அந்தத் தாளை நான் எறிந்துவிட்டதாக எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு அவன் திருமணத்துக்கு அழைக்க வந்தான். பணப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினான். மை மங்கியிருந்தது. முதல் வரி மாத்திரம் வாசிக்கக் கூடியதாயிருந்தது.